ரோமாபுரிக்கு ஆள் கிடைக்கவில்லை

1

இந்தக் கதை தொலைபேசித் தொல்லையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1992இல் லண்டன் ஹரோவில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தேன். பண்டைய ரோமுக்கும் அதன் இத்தாலியக் கூட்டாளிகளுக்கும் நடந்த போர்தான் கதை. ரோமுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள், தங்களையும் குடிமக்கள் ஆக்கும்படி கேட்டார்கள். ரோம் மறுத்தது. அவர்கள் வாளெடுத்தார்கள்.

பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்த அன்றிலிருந்து என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் ஒரே முறைப்பாடு.

"ஏன் அண்ணை, என்ரை பிள்ளையை ரோமன் ஆக்கிப்போட்டியள்?"

2

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

கி.மு. 91இல், இத்தாலிய மலைகளில் பனி உருகத் தொடங்கியபோது...

வேண்டாம். அந்த மலைகளை நான் கண்டதே இல்லை.

ஹரோவில் அன்று மழை பெய்து...

என்றைக்குத்தான் பெய்யவில்லை?

நேராகவே சொல்லிவிடுகிறேன். தாய்மார் வென்றார்கள்; இருபத்து மூன்று பிள்ளைகளும் கிளர்ச்சிக்காரர்கள். ரோமுக்கு ஒரேயொருவர், மெய்யப்பன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலையாகி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டவர். "அப்ப ரோம் அவர்தான்" என்று ஆசிரியை பாலாம்பிகை தீர்ப்புச் சொல்லிவிட்டார். எட்டு முழ வேட்டியைத் தோளோடு சுற்றிவிட்டதும் மனுஷர் அசல் செனட்டர்.*

(* வேட்டி என்னுடையது. இன்னும் திரும்பி வரவில்லை.)

3

கிளர்ச்சித் தலைவர் யோகலிங்கம். இவரைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம்.

பெட்ரோல் நிலையத்தில் வேலை. லண்டனுக்கு வந்து ஏழு வருடம், எல்லாம் தற்காலிக அனுமதியில். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தார். அது வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி தவமலரைக் கூப்பிடலாம்.

[இவ்வளவு பொருத்தமான ஆளை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன். சீட்டாடுகிறவர், கோபக்காரர், யாரோடும் ஒட்டாத... முடியவில்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் எல்லாருக்கும் வடை வாங்கி வந்தவரை நான் என்ன செய்ய?]

திட்டம் சுலபமானது. யோகலிங்கம் வாசலில் நின்று கேட்பார். மெய்யப்பன் மூன்று தடவை மறுப்பார். பிறகு போர். கடைசியில், வரலாற்றில் நடந்தது போலவே, ரோம் களைத்துப்போய்க் குடியுரிமையைக் கொடுக்கும். மொத்தம் இருபது நிமிடம்.

4

விழா அன்று யோகலிங்கம் ஷிப்ட் முடிந்து நேரே மேடைக்கு வந்தார். அட்டையில் செய்த கோட்டை வாசலைத் தட்டினார்.

"உங்கட சண்டையளிலை எங்கட பிள்ளையள் செத்தவங்கள். ஏழு வருசமாய் வாசல்லை நிக்கிறன். இன்னும் எவ்வளவு காலம் நிக்கிறது?"

ஏழு வருடம் என்று நான் எழுதவேயில்லை.

மெய்யப்பன் வாயைத் திறந்தார். "முடியாது" என்பதுதான் அவருடைய வரி. ஆனால் கதவடியில் வந்து நிற்கிற மனிதரிடம் நம் ஆட்கள் அப்படிச் சொல்லிப் பழகியவர்களா?

"அட, வாங்க, வாங்க! உள்ள வாங்க. சாப்பிட்டீங்களா?"

சொல்லிவிட்டு வாசலையும் அகலத் திறந்துவிட்டார்.

நான்காவது நிமிடத்தில் ரோம் விழுந்தது. மண்டபம் சிரித்த சிரிப்பில் என் நாற்காலி ஆடியது. யோகலிங்கத்துக்கு அடுத்த வரி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சிரித்தார், கண்ணும் கலங்கியது. எனக்கும்தான்.

"ஐயோ அண்ணை, சண்டை எங்கை?" என்று பாலாம்பிகை என்னைப் பிடித்து உலுக்கினார். "பதினாறு நிமிசம் மிச்சம் கிடக்கு, சாப்பாடும் இன்னும் வரேல்லை!"

மூன்று கிழமையாக அட்டை வாள் வெட்டிய பிள்ளைகள் விடுவார்களா? குடியுரிமையை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு போரைத் தொடங்கினார்கள். மெய்யப்பன் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார். அவருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி யோகலிங்கம் ஓடினார்.

"விடுங்கோடா! அவர் எங்கட ஆள்!"

5

முடிவு ஒன்று: அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்தது. தவமலர் ஹீத்ரோவில் இறங்கியபோது...

முடிவு இரண்டு: கடிதம் வரவில்லை. அடுத்த வருடமும் அவரே கிளர்ச்சித்...

இரண்டையும் அடித்துவிட்டேன். உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் கை தட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

ஆகவே மேடைக்கு வாருங்கள். இனி ரோம் நீங்கள்தான். (வேட்டியை மெய்யப்பனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) வாசலுக்கு வெளியே ஷிப்ட் முடித்த கால்வலியோடு யோகலிங்கம் நிற்கிறார். அவருக்குப் பின்னால், இன்னும் விமானம் ஏறாத தவமலர் நிற்கிறார். யோகலிங்கம் கேட்டு முடித்துவிட்டார். பிரதியில் உங்களுக்கு "முடியாது" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அந்த வரியை மறந்துபோக உங்களுக்கு முழு அனுமதி உண்டு.