நெஞ்சு உயரத்தில் நான்கு கோடுகள்

ஐந்தாம் வருஷம் மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். சவுக்கு, சூபாபுல், மலைவேம்பு மூன்றில் எது வேகமாக வளர்ந்து அதிகத் தழையும் விறகும் தருகிறது என்பதுதான் சோதனை. வெட்டியதைத் தழை, கிளை, அடிமரம் என்று பிரித்து உலர்த்தி எடை போடுவது என் வேலை. முதல் நான்கு வருஷமும் அடிமரங்களின் சுற்றளவை எடுத்தவர் என் வீட்டுக்காரர். முதுகெலும்பில் நோய் என்று தெரிந்த மூன்றாம் மாதமே போய்ச் சேர்ந்தார்.

புதிதாக வந்த அதிகாரியம்மா அவருடைய நோட்டை என் மேசையில் போட்டார்.

“இந்த மரம் போன வருஷம் நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர். இப்ப நான் அளந்தா நாப்பத்தொண்ணு. மரம் எங்கயாவது இளைக்குமாம்மா? நிழல்ல உக்காந்து இஷ்டத்துக்கு எழுதியிருக்காரு. நாலு வருஷக் கணக்கையும் தூக்கிடப் போறேன்.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. காய்ச்சலோடு டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன் அவர்.

“அந்த மரம் இன்னும் நிக்குது மேடம். வந்து பாத்துட்டு அப்புறம் தூக்குங்க.”

அளந்த மரம் எது என்று தெரிய, அந்தந்த வருஷத்துக்கு ஒரு நிறத்தில் கோடு போடுவார் என் வீட்டுக்காரர். நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். அதற்கென்று ஓர் அளவுக் குச்சி உண்டு; அதிகாரியம்மா அளந்தது அதை வைத்துத்தான். என் வீட்டுக்காரர் அதைச் சீண்டியதே இல்லை. “பெயிண்ட் மங்கும், குச்சி உடையும். என் நெஞ்சு எங்க போகும்?” என்பார்.

அந்த மலைவேம்பின் முன் நின்றோம். முதல் வருஷத்து வெள்ளைக் கோடு குச்சிக்குச் சரியாக இருந்தது. மஞ்சள் ஒரு விரல் கீழே. நீலம் நாலு விரல். போன வருஷத்துச் சிவப்பு ஒரு சாண். பக்கத்து மரங்களிலும் அப்படியேதான்.

அதிகாரியம்மா சிவப்புக் கோட்டில் டேப்பைச் சுற்றினார். நாற்பத்து மூன்று.

“கீழ போனா மரம் பருமன்தானே. மழையில்லாத இந்த வருஷம் ஒரு சென்டிமீட்டர்தான் வளந்திருக்கும், அதைக் கழிச்சா அவர் எழுதினதேதான் வருது. மன்னிச்சிடுங்கம்மா, ஒவ்வொண்ணா அளந்திருக்காரு. உயரத்தைத் திருத்திக்கிட்டா கணக்கு நிக்கும்.” பிறகு மரத்தையே பார்த்தபடி, “ஆனா கோடு ஏன் வருஷா வருஷம் இறங்குது?” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரம் உச்சியில்தான் வளரும், கோட்டை மேலேயும் தூக்காது, கீழேயும் இறக்காது. இறங்கியது அவர். என் கண்ணெதிரே நாலு வருஷமாகக் கூனிக்கொண்டே வந்திருக்கிறார்.

வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. சட்டை நீளமாகிவிட்டது என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். துவைத்ததில் துணி தொய்ந்துவிட்டது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, இரண்டு முறையும் நான்தான் அடியை மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.