ஜப்பார் பாய் வைத்த அழுத்தம்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். இதை என் பெண்டாட்டி சொன்னால் கோபம் வரும். இப்போது நானே சொல்கிறேன். எண்பத்துநாலாம் வருஷக் குற்றால சீசனில் அந்த வாய் பார்த்த வேலையை நினைத்தால், தனியாக இருக்கும்போதுகூட "சீ!" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். என் பெயர் சுடலையாண்டி. டீசல் கார் என்றால் என்னிடம்தான் வருவார்கள். டாக்ஸி வைத்திருந்த நெல்லையப்பன் அண்ணாச்சியும் தன் டீசல் அம்பாசடரைக் கொண்டுவந்தார். "ஆரியங்காவு ஏத்தத்துல எட்டு ஆளோட மூச்சு வாங்குதுடே. டீசல் கூடப் போற மாதிரி பெரிய நாசிலாப் போட்டு விடு" என்றார்.

நாசில் என்பது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் சின்ன மூக்கு. பெரியது போட்டால் ஏற்றத்தில் இழுக்கும். ஆனால் வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போதுதான் வம்பு. நாலு நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கார் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கும்.

அந்த அழுத்தத்தை அளந்து வைத்துக் கொடுப்பவர் அப்துல் ஜப்பார் பாய். முப்பது வருஷமாக லாரி நாசில் பார்த்த கை. மிஷினில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துப் பார்த்து நாலையும் நூற்றுமுப்பதில் வைத்து, சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்தார். நான் மாட்டினேன்.

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வேலை முடிந்து வரும் வண்டியை ஐடிலில் விட்டு, பானெட் மேல் தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீ வைப்பார்கள். சிந்தாவிட்டால் அந்த டீ மெக்கானிக்குக்கு. சிந்தினால் சீசன் முழுக்கக் கிண்டல். ஒன்பது வருஷமாக நான் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குக் கிளாஸ் வைத்த வேகத்தில் ஆடி, நகர்ந்து, கீழே விழுந்து உடைந்தது.

"ஏலே சுடலை, டீ குடிக்க வந்தியா, கண்ணாடி பொறுக்க வந்தியா?" என்றான் டிரைவர் தளவாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"என்னைய ஏன்டே கேக்கிய? பாய்ட்டப் போய்க் கேளுங்க. வயசாச்சுல்லா, முள்ளு எங்கன நிக்குதுன்னு அவருக்குக் கண்ணு தெரியல" என்றேன். அது நிஜமா பொய்யா என்று யோசிக்கக்கூட இல்லை. வாயில் வந்தது, விட்டேன்.

சாயங்காலம் நாசில்களைக் கழற்றி லைட் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது நாசில் உட்காரும் குழியில் பழைய செம்பு வாஷர் கரியோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தது. அதை எடுக்காமல், அதன் மேலேயே புது வாஷரையும் வைத்து நான்தான் மாட்டியிருக்கிறேன். நாசில் ஒரு வாஷர் கனத்துக்குத் தூக்கி நின்றால் எஞ்சின் எப்படி ஒழுங்காக ஓடும்? தொழிலுக்கு வந்த முதல் மாசத்தில் செய்கிற தப்பு. அதை நெம்பி எடுத்து சாக்கடையில் எறிந்தேன். திரும்ப மாட்டி, பம்பில் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைத்ததும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது.

மறுநாள் டீ சிந்தவில்லை. "பாய் விட்ட தப்ப நீ சரி பண்ணிட்ட, என்னடே?" என்றார் அண்ணாச்சி. ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். பொய் சொன்னதைக்கூட விடுங்கள், தெரிந்த பிறகும் அந்த டீயைக் குடித்தேனே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு ஸ்டாண்டு வண்டிகளின் நாசில் எல்லாம் திருநெல்வேலிக்குப் போக ஆரம்பித்தன. புளியங்குடி எலுமிச்சை லாரிக்காரர்கள் காதிலும் விஷயம் விழுந்துவிட்டது. நான் பாய் கடை இருக்கும் தெருவையே விட்டுச் சுற்றிப் போனேன்.

ஆடி பிறந்து ஒரு மத்தியானம், சாரலில் குடை பிடித்துக்கொண்டு பாய் என் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். கூட அவர் மனைவி மெஹர் பானு. பாய் முகத்தில் புதுக் கண்ணாடி.

"சுடலை, கோவிச்சுக்கிடாத. நான் வச்ச அழுத்தம் எத்தன கொறஞ்சிருந்துச்சு? நம்பரச் சொல்லு. கண்ணாடி போட்டுப் பாத்தாலும் முள்ளு எனக்கு அதே எடத்துலதான் நிக்குது. கண்ணு எவ்வளவு தப்பாக் காட்டுதுன்னு தெரிஞ்சா அதக் கூட்டி வச்சுக்கிடுவேன்" என்றார். பையிலிருந்து பென்சிலும் ஒரு அட்டைத் துண்டும் எடுத்தார், நான் சொல்வதை எழுதிக்கொள்ள.

"இவங்களுக்குத் தூக்கமே இல்லண்ணே. மிஷின வித்துட்டு வீட்டுல இருக்கப் போறேங்காங்க" என்றாள் மெஹர் பானு.

பத்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் பத்து இருந்தது. சொன்னால் அவர் அந்தப் பத்தையும் கூட்டி வைத்து நல்ல நாசிலையெல்லாம் கெடுப்பார். அப்புறம் நிஜமாகவே கடையை மூடுவார். பென்சிலை அட்டையில் ஊன்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

"ஒண்ணும் கொறையல பாய். நூத்திமுப்பது சரியாத்தான் இருந்துச்சு. பழைய வாஷர எடுக்காம மாட்டுனது நான். அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய் கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா? ஏ பானு, கேட்டியா? என் கண்ணுக்கு ஒண்ணுமில்லயாம்!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேள சொன்ன சுடலை. நீ நல்லா இருப்ப." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மெஹர் பானு சிரிக்கவில்லை. "இங்கன சொல்லிட்டீங்க, சந்தோஷம். ஸ்டாண்டுல எப்பம் சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

"விடு பானு, பாவம்" என்றார் பாய்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர்கள் இருவரும் ஒரே குடையில் பின்னால் வந்தார்கள். நெல்லையப்பன் அண்ணாச்சியும் பத்துப் பன்னிரண்டு டிரைவர்களும் இருந்தார்கள். ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. தளவாய் மட்டும் என்னைத் தாண்டிக்கொண்டு பாயிடம் போய், "பாய், நாளைக்கு என் வண்டி நாசிலக் கொண்டாரட்டா?" என்று கேட்டான். அதற்குள் மற்றவர்களும் எழுந்து பாயைச் சுற்றி நின்றுகொண்டார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.