டைல்ஸுக்கு அடியில் இருந்த மூடி

என் கணவர் தனிஸ்லாஸை அடக்கம் செய்த நாளன்று, பகல் பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுக் கழிவறை பொங்கியது. கறுப்புத் தண்ணீர் நடைவழியைத் தாண்டி, அவரைக் கிடத்தியிருந்த கூடத்தின் படிவரை வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு அவரை எடுத்து, மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அண்ணனத் திரும்ப ஆஸ்பத்திரி பொணவறைக்கே கொண்டு போயிடலாம் அண்ணி. அங்கேருந்தே கோயிலுக்குப் போயிக்கலாம்" என்றார் கொழுந்தன் ஜூலியன்.

மூலக்குளத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பக்கத்தில் நின்று அவர் கட்டிய வீடு. அதிலிருந்துதான் அவர் புறப்பட வேண்டும் என்று எனக்கு இருந்தது. சாக்கடை அடைப்புக்கான புகார் எண்ணுக்கு ஃபோன் செய்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் பெயர் கண்ணையன். சாக்கடை மூடியைத் தேடினார், காணவில்லை. மகள் ஜூலியின் கல்யாணத்தின்போது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று என் கணவர் அதன்மேல் டைல்ஸ் பதித்துவிட்டார். எந்த இடம் என்று எனக்கு நினைவில்லை.

கண்ணையன் திட்டவில்லை. கடப்பாரை நுனியால் வாசல் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டபடி வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இங்கதாம்மா."

உடைத்து மூடியைத் தூக்கினார்கள். கழி விட்டுக் குத்தியும் அடைப்பு அசையவில்லை.

"எறங்கி எடுத்துட வேண்டியதுதானே? ரெண்டு நிமிஷ வேல" என்றார் ஜூலியன்.

"எறங்க மாட்டேன் சார். அடைப்பு எடுக்குற மிஷின் வண்டி இங்க மேட்டுப்பாளையத்துல வேற வேலையில நிக்குது, சொல்லிட்டேன். வந்துடும்."

"நாலு மணிக்கு எடுக்கணும்யா!"

"எங்க அண்ணனும் ரெண்டு நிமிஷம்னுதான் எறங்குனாரு சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த வீட்டுக்கு இன்னைக்கு ஒரு சாவு போதும் ஜூலியன். வண்டி வரட்டும்" என்றேன்.

அதுவரை கண்ணையனும் கூட வந்தவரும் சும்மா உட்காரவில்லை. கூடத்துப் படியில் மண்மூட்டை அடுக்கி, பக்கெட் பக்கெட்டாக வாரி வெளியே கொண்டுபோனார்கள். என் கணவர் இருந்த பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டரைக்கு வண்டி வந்தது. மூன்று மணிக்குள் தண்ணீர் முழுவதும் இறங்கியது. நடைவழியைக் கழுவி பிளீச்சிங் பவுடரும் தூவினார்கள்.

கிளம்பப் போன கண்ணையனைக் கூப்பிட்டேன். "உள்ள வந்து அவரப் பாத்துட்டுப் போங்க."

"மேலெல்லாம் நாறுதும்மா."

என் கணவரின் தலைமாட்டில் ஓடிகொலோன் வாசனைத் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை எடுத்துவந்து கண்ணையன் கைகளில் ஊற்றினேன். தேய்த்துக்கொண்டு வந்து, சவப்பெட்டியருகில் நின்றார்.

"டைல்ஸ் போட்டது இவருதானா?"

"ஆமா."

"நல்லா கெட்டியாத்தான் போட்டிருக்கீங்கண்ணே" என்றார், என் கணவர் முகத்தைப் பார்த்தே.

அன்று முதன்முறையாகச் சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையானது.

நான்கு மணிக்கு என் கணவர் தன் வாசல் வழியாகவே போனார். இன்னும் கிளம்பாமல் உடைந்த டைல்ஸின் பக்கத்தில் நின்று, பெட்டியைத் தூக்கியவர்களிடம் கண்ணையன் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்து வாங்க, பாத்து... இங்க மூடி இருக்கு."