கோமுவின் மருமகள் மீட்டர் பார்த்தாள்

முன்னறையில் சித்ரலேகா கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்த பிறகு வந்த முதல் கரண்டு பில்லில் இருந்த பெரிய தொகையைக் கோமு இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். மருமகளை வகுப்பு நடத்தச் சொன்னதே அவள்தான். மகன் சிவகணேஷ் பம்பாயில் வேலை பார்க்கிறான். டிப்ளமா படித்த பெண் அடுக்களையில் முடங்கிக் கிடக்க வேண்டாமே என்று நினைத்தாள்.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டின் மாடியில் கோமுவின் மறைந்த கணவருக்கு அண்ணன் சிவசண்முகம் இருந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார். மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர்.

"அந்த ரெண்டு கம்ப்யூட்டர் பெட்டியும் கரண்டைக் குடிக்கு, கோமு. வகுப்பை மூடச் சொல்லு" என்றார் அவர்.

சித்ரலேகாதான் பேசினாள்.

"மூடுததுன்னா மூடிருதேன் மாமா. எது எவ்வளவு இழுக்குன்னு ஒருதடவ பாத்துருவோமே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்த அத்தனை சுவிட்சையும் அணைத்தார்கள். ஃப்ரிட்ஜைக்கூட விட்டுவைக்கவில்லை. மீட்டருக்குள் சுழலும் தட்டில் ஒரு சிவப்புக் குறி உண்டு. அது சுற்றி வருவதைப் பார்த்துச் சொல்வது கோமுவின் வேலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

முதலில் ஒரு கம்ப்யூட்டர். குறி பைய நகர்ந்து வந்தது.

"ரெண்டு ஃபேன் ஓடுத அளவுதான் அத்தை" என்றாள் சித்ரலேகா.

அடுத்து கிரைண்டர், கொஞ்சம் வேகம். இஸ்திரிப் பெட்டிக்குக் குறி ஓட்டமும் நடையுமாக வந்தது. கடைசியில் மாடியில் முழங்கால் வலிக்காகச் சிவசண்முகம் புதிதாக மாட்டியிருந்த வெந்நீர் ஹீட்டர். தட்டு சுழன்ற வேகத்தில் குறி கோமுவின் கண்ணுக்கே சிக்கவில்லை.

சிவசண்முகம் குனிந்து பார்த்தார். கோமுவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனால் சித்ரலேகா அத்தோடு விடவில்லை.

"ஹீட்டர் கொஞ்ச நேரந்தான் ஓடுது மாமா. என் பெட்டி ரெண்டும் காலைலேர்ந்து சாயங்காலம்வரை ஓடுது. நாள் கணக்குக்குப் பாத்தா ரெண்டு பக்கமும் ஏறக்கொறைய ஒண்ணுதான். ஆள் இல்லாதப்ப நான் கம்ப்யூட்டர அணைச்சிருதேன். வகுப்புக்குத் தனி மீட்டரும் எழுதிக் கேப்போம்."

தனக்குச் சாதகமாக நிறுத்திக்கொள்ளலாமே, இந்தப் பெண் ஏன் இப்படி என்று ஒரு கணம் கோமுவுக்குத் தோன்றியது. மறுகணமே, இதுதான் இவள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"தனி மீட்டருக்கு நானே கரண்டு ஆபீஸுக்குப் போறேன்" என்றார் சிவசண்முகம். "வெந்நீரையும் ஒரேயடியா காய்ச்சி எல்லாரும் குளிச்சிருவோம்."

அவர் வாயாலேயே தெருவெல்லாம் சேதி பரவியது. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை இன்பமணி தேடி வந்து, அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகளுக்குச் சித்ரலேகா இதைச் செய்துகாட்ட வேண்டும் என்று கேட்டார்.

கண்காட்சி அன்றைக்குக் கோமு பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சிவசண்முகம் பக்கத்தில். மேடையில் இன்பமணி, "இவங்க ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டு மருமகள்" என்று அறிமுகப்படுத்தினார்.

கோமு எழுந்தே விட்டாள்.

"கம்ப்யூட்டர் டீச்சர்னு சொல்லுங்க, டீச்சர்."

சிவசண்முகம்தான் முதலில் கைதட்டினார்.