கொசுறு டஸ்டி

சனிக்கிழமை காலையில், பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிற பௌலிங் கூடத்தின் பின்னறையில், ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளை மாற்றிக்கொள்ளக் கூடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். போனை எடுத்து விலை பார்க்கக் கூடாது. பார்த்தவர் அத்தனை பேருக்கும் டோனட் வாங்கித் தர வேண்டும். விலை தெரியாமல் மாற்றினால் இரண்டு பக்கமும் சரியாக நிற்குமா? நிற்காது. அதற்குத்தான் கொசுறு. குறைகிற பக்கத்தில், யாருக்கும் வேண்டாத ஆட்டக்காரனின் அட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டு, "ஆச்சா? கை கொடு" என்று முடித்துக்கொள்வார்கள்.

அந்த அறையின் ஆஸ்தான கொசுறு டஸ்டி ஹாஸ்கின். 1978இல் கிளீவ்லேண்டு அணிக்கு ஒரே ஒரு பருவம் பந்து வீசி, உதை வாங்கி, வீட்டுக்குப் போனவன். அட்டையில் பெரிய மீசை, காடாக முடி, வெயிலுக்குச் சுருங்கிய கண்.

அந்த டஸ்டி வேறு யாருமில்லை, கதவோரம் உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்த மெர்ல்தான். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று போன வருடம்தான் இந்த ஓஹாயோ ஊருக்குக் குடிவந்திருந்தார். டஸ்டி என்பது ஆடிய நாளில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். மீசை போய்விட்டது, முடி அதற்கும் முன்பே போய்விட்டது. இந்த அறையில் யாரும் குடும்பப் பெயரைக் கேட்பதும் இல்லை.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் ரஸ், கூடத்தை நடத்துகிறவர், வாய்க்குப் பூட்டே இல்லாத மனிதர், ஒரு டஸ்டியை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கடியில் செருகினார்.

"இவன் தன் வாழ்க்கையில ஒழுங்கா தாங்கிப் பிடிச்சது இதைத்தான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தார். சிரித்துத் தொலைத்த பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

வலித்தது, அதை மறைப்பானேன். அன்றிலிருந்து யாரோடு எதை மாற்றினாலும் கொசுறாக டஸ்டியையே கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். கொசுறுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவர் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, அந்த அட்டை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இன்று கேட்டது நோரீன் கோவாச். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மாள். பேருந்து நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல்.

"யார்கிட்டயாவது டஸ்டி ஹாஸ்கின் இருக்கானா? எழுபத்தெட்டாம் வருஷத்து செட் முழுசும் சேர்ந்தாச்சு, இந்த ஒருத்தன்தான் பாக்கி."

ரஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "டஸ்டியா? அவன் இங்க குப்பையா கெடப்பானே!"

பெட்டியைக் கிளறினார். இல்லை. அடுத்த பெட்டியிலும் இல்லை. மற்றவர்களும் தங்கள் கட்டுகளைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"எங்கதான் போய்த் தொலைஞ்சான்? மேசைக்கடியில ஒருத்தன் இருக்கான், தரட்டுமா?"

"அதத்தான் நாலா மடிச்சு வச்சிருக்கியே, படுபாவி!"

மெர்லுக்குக் காது சூடேறியது. அத்தனையையும் வாரிக்கொண்டு போனது அவரல்லவா! போன வாரம் வாங்கியது ஒன்று மட்டும் சட்டைப் பையிலேயே தங்கியிருந்தது.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார்.

நோரீன் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார். தன் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி வைத்தார். அந்த வருடம் ஊரையே கலக்கிய மட்டைக்காரன்.

"நோரீன், மூளை கீளை கலங்கிப்போச்சா? டஸ்டிக்குப் போய் இவனா?" ரஸ் பதறினார்.

"வாய மூடு ரஸ். இவன் என்கிட்ட ரெண்டு பேர் இருக்கான். அவன் ஒருத்தன்கூட இல்ல."

மெர்ல் சும்மாவே கொடுத்திருப்பார். ஆனாலும் இந்த நிமிடத்தை அவ்வளவு சீக்கிரம் விட மனம் வரவில்லை.

"பத்தாதே. கொசுறு?"

அறையே கொல்லென்று சிரித்தது. நோரீன் முறைத்துக்கொண்டே இன்னோர் அட்டையைத் தள்ளினார். மெர்ல் பையிலிருந்து டஸ்டியை எடுத்தார். எடுத்த சந்தோஷத்தில், கை தன்பாட்டுக்கு மேசையில் கிடந்த பேனாவைத் திறந்துவிட்டது. மைதான வேலியோரம் பிள்ளைகள் நீட்டிய அட்டைகளில் அந்தக் காலத்தில் எழுதிய பழக்கம்.

"ஐயய்யோ!" நோரீன் அட்டையைப் பிடுங்கினார். "கிறுக்கிப் பாழாக்காதய்யா!"

"கிறுக்கல நோரீன். கையெழுத்து. அது நான்தான்."

வெளியே பந்து உருண்டுபோய்க் கட்டைகள் சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. ரஸ் எட்டிப் பார்த்து, அட்டையில் ஒரு விரலால் மீசையையும் இன்னொரு விரலால் முடியையும் மறைத்தார். முகம் செத்துப்போயிற்று. அப்படியே மண்டியிட்டு மேசைக்கடியில் கையை விட்டார்.

"மன்னிச்சுக்கய்யா. எடுத்துடறேன்."

"விடுய்யா, காபி கொட்டிடும்" என்றார் மெர்ல். இப்போது அவருக்கு வலிக்கவில்லை.

நோரீனோ அட்டையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். "நீயாவே இருந்தாலும் இதுல எழுதக் கூடாது, சொல்லிட்டேன். என் செட்டு சுத்தமா இருக்கணும்."

ஆல்பத்தைத் திறந்தார். ஒரு பக்கத்துக்கு ஒன்பது கண்ணாடிப் பை, அதில் எட்டில் ஆட்கள் நின்றார்கள். நடுவில் காலியாக இருந்த ஒன்றில் டஸ்டியை மெல்லச் செருகி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டார். பிறகுதான் நிமிர்ந்து மெர்லைப் பார்த்தார்.

"குளிர்காலம் பூரா உன்னைத்தான்யா தேடிட்டிருந்தேன்."

கிளீவ்லேண்டு கழற்றிவிட்ட பிறகு எந்த அணியும் மெர்லைத் தேடி வந்ததில்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர் அவர்.

"இங்கதான் இருந்தேன் நோரீன்" என்றார்.