முதலில் கை ஓங்கியவன்

மலை என்று அவனுக்குப் பெயர் வைத்தது கண்ணாடிக் கிடங்குதான். ஆளுயரக் கண்ணாடியைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்துவான். கோபம் வந்தால் வாய் திறப்பதற்குள் கை முந்திவிடும். அந்த வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நாலும் போன இடத்தில் பெரிய கட்டு. விசாரணை அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி. எதிரே, விரல்களை வாங்கிய புண்ணியவான்: அவளுடைய சொந்தத் தம்பி, ஊசி.

உள்ளே வருவதற்கு முன் தொழிற்சங்கத்துக்காரர் மூன்று பேரையும் வராந்தாவில் நிறுத்திப் பாடம் நடத்தியிருந்தார்.

“வேலையால வந்த சண்டைன்னா நஷ்டஈடு உண்டு. வீட்டுச் சண்டையை வேலைக்குத் தூக்கிட்டு வந்தா கிடையாது. முதல்ல கை ஓங்கினவனுக்கு எந்தக் காலத்துலயும் கிடையாது. புரிஞ்சுதா? புரியலைன்னா வாயை மூடிட்டு உட்காருங்க.”

மலைக்கு நன்றாகவே புரிந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்தக் கிடங்கும் இனி அவனைச் சேர்க்காது. நஷ்டஈடு வந்தால் ஒரு கடை கண்ணி போட்டு உட்காரலாம். வராவிட்டால் பெண்டாட்டியின் தையல் கூலியில் தின்ன வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தான்.

நடந்தது இதுதான். பெரிய கண்ணாடியை இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோகும்போது, முன்னால் போகிறவன் பின்பக்கமாக நடப்பான். அவனுக்கு முதுகில் கண் கிடையாது. எதிரே வருகிறவன்தான் “படி”, “பள்ளம்”, “இடது” என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். பெற்ற தகப்பனைக் கொன்றவனாக இருந்தாலும் கண்ணாடி கையில் இருக்கும்வரை பேசித்தான் ஆக வேண்டும். அன்று பின்பக்கமாக நடந்தவன் மலை. எதிரே வந்த ஊசி பேசவில்லை. முந்தின நாள் மலை விட்ட அறையில் அக்காவுக்கு முன்பல் போயிருந்தது. அந்த ஆத்திரத்தில் வாயைப் பூட்டிக்கொண்டு நடந்தான். வாசற்படி வந்தது, வார்த்தை வரவில்லை. மலை மல்லாக்க விழுந்தான். கண்ணாடி சுக்குநூறாகிப் போனது.

எழுந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தோல் உறையோடு குத்தினால் மெத்தென்று விழும் என்று, அந்தக் கோபத்திலும் வலது கையுறையைக் கழற்றி வீசிவிட்டுத்தான் குத்தினான். முதல் குத்தில் ஊசியின் மூக்கு உடைந்தது. அடுத்ததில் உதடு கிழிந்தது. பிடரியைப் பிடித்துக் கீழே தள்ளி, நொறுங்கிக் கிடந்த கண்ணாடியின்மேல் முகத்தை வைத்துத் தேய்த்தான். கன்னம் பிளந்து ரத்தம் வாய்க்குள் போக, ஊசி உறை போட்ட கைக்குச் சிக்கிய நீளச் சில்லை எடுத்துக் கத்தி மாதிரி வீசினான். மலை அதை வெறுங்கையால் பிடித்தான். ஊசி தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தான். அவ்வளவுதான்.

அதிகாரி முதலில் மனைவியைக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் உங்களை அடிச்சாரா?”

“இல்லைங்க.”

“பல்லு?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.”

கெட்டிக்காரி என்று மலை மனதுக்குள் மெச்சிக்கொண்டான். கொஞ்சம்கூடக் கூசவில்லை அவனுக்கு.

அடுத்து ஊசி எழுந்தான். கன்னத்துத் தையல் இன்னும் காயவில்லை. “படி சொல்ல மறந்துட்டேங்க. மாமா திட்டினாரு. நான்தான் முதல்ல அடிச்சேன்.”

இதைச் சொன்னால் தன் வேலை போகும் என்று ஊசிக்குத் தெரியும். அக்கா பட்டினி கிடக்கக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னான். மலைக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏனோ காது சுட்டது.

கம்பெனி வக்கீல் ஊசியை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலையிடம் திரும்பினார். “இவரா? காத்தடிச்சா பறந்துடுவாரு போலிருக்கே. இவரு கை ஓங்கற வரைக்கும் நீங்க பார்த்துட்டு நின்னீங்களா?”

சாட்சிக்கு வந்திருந்த கிடங்கு ஆட்கள் சிரிப்பை அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. வக்கீல் ஒரு கையுறையைத் தூக்கிக் காட்டினார்.

“இது உங்க வலது கை உறை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இவரு அடிச்ச அடியில பயந்து, கழட்டிப் போட்டுட்டு ஓடப் பார்த்தீங்களோ?”

சங்கத்துக்காரர் மலையின் தொடையைக் கிள்ளினார். கிள்ளி என்ன பயன்?

“யாருடா பயந்தது?” மலை எழுந்த வேகத்தில் பெஞ்சு ஆடிப்போனது. “இந்தச் சுண்டெலி என்னை அடிக்கிறதா? நான்தான்டா முதல்ல குத்தினேன்! உறையைக் கழட்டிட்டுக் குத்தினேன்! அவன் மூக்கைப் பாரு!”

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சங்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊசி கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்போ இவங்க ரெண்டு பேரும் சொன்னது பொய்யா?” என்றார் அதிகாரி.

மனைவி எழுந்தாள். அழவில்லை. “பொய்தாங்க. இவரு இப்போ சொல்றதும் பொய். முதல் அடி என் தம்பிக்கு விழல. எனக்கு விழுந்துச்சு. பல்லு அப்போதான் போச்சு. அதுக்குத்தான் அவன் வாயைத் திறக்கல.”

“ஏய்!”

மலை பாய்ந்தான். கட்டுப் போட்ட கை என்பதே மறந்துபோனது. பழகிய கைதானே முதலில் போகும்? ஓங்கி அவள் முகத்தில் அறைந்தான். அலறியது அவள் இல்லை. தையல் பிரிந்து கட்டு முழுக்கச் சிவந்தது. கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, வெட்டுப்பட்ட மாடு மாதிரி கத்தினான். ஊசி ஓடிவந்து அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கன்னத்தில் இருந்தது அவனுடைய ரத்தம். புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“இதை நீங்களே பார்த்தீங்க. எழுதிக்கோங்க ஐயா” என்றாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.