உமா பேர் போட்ட கல்

மைத்ரேயி அம்மாள் செங்கல்லைப் புரட்டிப் பார்த்தாள். கல்லின் நடுப்பள்ளத்தில் 'உமா' என்று இரண்டு எழுத்து புடைத்து நின்றது.

"ரோட்டு முக்குல பேனர்ல இருக்காளே, அந்தப் பொண்ணு பேரா இது?"

"ஆமாங்க" என்றாள் மும்தாஜ். "என் பார்ட்னர். உமாமகேஸ்வரி. ஸ்கூட்டர்ல வரும்போது லாரி இடிச்சிருச்சு. போன மாசம்."

லால்குடிக்கு வெளியே மும்தாஜும் உமாவும் சேர்ந்து நடத்திய செங்கல் சூளை அது. மைத்ரேயி கல்லை மெல்லக் கீழே வைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. மாடியில எங்க பொண்ணுக்குன்னு கட்டற ரூம். போயிட்டவா பேரைச் சுவத்துக்குள்ள வெச்சு..."

"கலவைக்குள்ள மறைஞ்சுடும்டி. யார் கண்ணுல படப்போறது?" என்றார் அவள் கணவர் ஸ்ரீரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் அவர்களுடையது பழைய வீடு. மாடியில் பாரம் ஏற்றக்கூடாது என்று கொத்தனார் சொன்னதால்தான் எடை குறைந்த கல்லைத் தேடி வந்திருந்தார்.

"எனக்குத் தெரியுமேன்னா!"

"பேரைத் தேய்ச்சுத் தர்றேங்க" என்றாள் மும்தாஜ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. சூளையில் கல் அறுக்கும் வீரமலை மட்டும் வாயைத் திறந்தபடி நின்றான்.

முன்பணம் கொடுத்துவிட்டு அவர்கள் காரில் கிளம்பியதும் கேட்டான். "என்னக்கா இது? உமாக்கா கையால அறுத்த கல்லுக்கா."

"தெரியும்."

"வேற ஆளு வருவாங்கக்கா."

"யாரு வருவா? உமி போட்ட கல்லா, எலி தின்னுடாதான்னு கேட்டாங்களே, அவங்களா?"

திருச்சியில் எத்தனையோ பேர் இப்படிச் சிரித்து அனுப்பியிருந்தார்கள். லால்குடி அரிசி ஆலைகளில் குவிந்து கிடந்த உமியை மண்ணில் கலந்தது உமாவின் யோசனை. சுடும்போது உமி உள்ளேயே எரிந்துபோகும். அது இருந்த இடத்தில் பொடிப்பொடித் துளைகள் மிஞ்சும். கல் எடை குறையும், வீட்டுக்குள் வெயில் இறங்காது. உமி கூடினால் கல் நொறுங்கியது, குறைந்தால் கனத்தது. அளவு பிடிபடும்வரை உமா இந்த மண்ணைவிட்டு எழுந்திருக்கவில்லை. "ஒரு வீட்டுச் சுவர்ல ஏறிட்டா போதும்டி. அப்புறம் எவன் சிரிக்கிறான்னு பார்க்கிறேன்" என்பாள். அளவு பிடிபட்டபின் அறுத்துச் சுட்ட சூளையைப் பிரிப்பதற்கு முந்தின நாள்தான் லாரி இடித்தது.

பேனரும் மும்தாஜ் வைத்ததுதான். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே என்ன படம் போட என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கேட்டபோது, பேர் தெரிகிற மாதிரி ஒரு செங்கல்லைப் போடச் சொன்னாள். உமாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள். கல் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பது தோன்றவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து, அரத்தின் முனையால் முதல் கல்லைத் தேய்த்தாள். எழுத்துகள் சுலபமாக உதிர்ந்தன. மடியில் சிவப்புத் தூள் விழுந்தது. அடுத்த கல்லை எடுத்தாள். சாவு வீட்டிலும் இப்படித்தான், வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டே இருந்தாள். உமாவின் அம்மா கட்டிப்பிடித்து அழுதபோது, டீ கொட்டிவிடுமே என்று தட்டை நேராகப் பிடித்தாள்.

"ஒரு தடவை அழுதுடேன்க்கா" என்றான் வீரமலை.

"வந்தா அழ மாட்டேனா? பேசாம அந்தக் கல்லை இங்க தள்ளு."

மத்தியானம் வானம் இருட்டியது. காற்றில் புழுதி கிளம்பியது. அடுத்த லோடுக்காக வீரமலை அறுத்திருந்த பச்சைக் கற்கள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தன. மழை விழுந்தால் எல்லாம் சேறு. ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்தார்கள். கடைசி வரிசைக்கு எட்டவில்லை.

மும்தாஜ் சாலைக்கு ஓடினாள். பேனரின் கயிறுகளை அரிவாளால் அறுத்துச் சுருட்டி எடுத்து வந்தாள்.

"அக்கா, அது உமாக்காவோட..."

"கல்லு நனையுது. அந்த முனையைப் பிடி."

விரித்தார்கள். பெரிய துளிகள் உமாவின் முகத்தில் விழுந்து தெறித்தன.

"முகத்தை எவ்வளவு வெள்ளையா அடிச்சிருக்கான் பாருக்கா. உமாக்கா இருந்தா கடைக்கே போய்ச் சண்டை போட்டிருக்கும்."

மும்தாஜுக்குச் சிரிப்பு வரவில்லை. "திருப்பிப் போடு" என்றாள்.

முகம் கற்களின் பக்கம் போனது. பேனரின் வெறும் வெள்ளைப் பின்பக்கத்தில் மழை கொட்டியது. ஓரங்களில் கல்லை ஏற்றி வைத்துவிட்டு, இருவரும் நனைந்தபடி கொட்டகைக்குள் வந்தார்கள். கல் அறுக்கும் அச்சு மூலையில் சாய்ந்திருந்தது. அதன் அடிப்பலகையில் அந்த இரண்டு எழுத்தைச் செதுக்கியதும் உமாதான்.

வீரமலை அதைக் கையில் எடுத்தான். "ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு அடுத்த லோடும் வேணுமாம்ல. வேற பலகை மாத்திடவா? உனக்கும் இந்தத் தேய்க்கிற வேலை இருக்காது."

"மாத்தாத."

"பேரு வேணாங்கிறாங்களே?"

"வேணாங்கிறவங்களுக்குத் தேய்ச்சுக் கொடுப்போம்."

"ஒவ்வொரு லோடுமாக்கா?"

"ஒவ்வொரு லோடும். அச்சு இதேதான்."

வீரமலை அச்சைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தான். மும்தாஜ் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த கல்லை மடியில் வைத்தாள். மழைச் சத்தத்தில் அரத்தின் சத்தம் கேட்கவில்லை. தூள் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.